இரண்டு நீர்ப்பூங்காக்கள், ஒரு விடுமுறை நாள்

சத்தியவேடு, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி ஆந்திரப் பிரதேசத்தில் அமைந்துள்ள ஊர். முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1960 ஏப்ரல் 1 அன்று நிகழ்ந்த எல்லை மாற்றத்தில் ஆந்திரத்துடன் இணைந்தது. இன்று இது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் இவ்வூரில் வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். பாட்டி, அப்பா, அம்மா, பதின்மூன்று வயது அக்காள், ஆறு வயதுத் தம்பி என அக்குடும்பத்தில் ஐவர். கோடை விடுமுறையில் ஒருநாள் நீர்ப்பூங்காவுக்குச் செல்ல அவர்கள் விரும்புகின்றனர். எங்கே செல்வது?

அவர்கள் முன் இரண்டு பூங்காக்கள் உள்ளன. ஒன்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை அடுத்த பழஞ்சூரில் உள்ள குயின்ஸ்லேண்ட். மற்றொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு. இரண்டிலும் நீர் விளையாட்டுகளும் உண்டு. நிலத்தில் ஆடும் இராட்டினம் முதலியனவும் உண்டு. ஆகவே, "எது பெரியது?" என்று கேட்பதனால் பயன் இல்லை. "நம் ஐவருக்கும் எது பொருந்தும்?" என்று கேட்பதே முறை.

முதலில் வழியைப் பார்ப்போம். பழஞ்சூருக்கு ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வழியாகச் சென்னை நகருக்குள் நுழையாமலே செல்லலாம். முட்டுக்காடு சென்னைக்குத் தெற்கே உள்ளது. அங்குச் செல்ல நகரத்தைக் கடக்க வேண்டும். அல்லது வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். வழியில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் விளையாட்டு நேரத்திலிருந்து குறையும். களைத்துத் திரும்பும்போது சிறுவனும் முதியவரும் மிகுதியாகத் துன்புறுவர்.

அடுத்து, ஒவ்வொருவரின் தேவையையும் எண்ண வேண்டும். அக்காளுக்கு உயரமான நீர்ச்சறுக்குகள் விருப்பம். சறுக்கின் மேல் ஓடும் நீர் உராய்வைக் குறைப்பதால், உடல் விரைந்து இறங்குகிறது. இவ்விரைவைத் தாங்கவும், சறுக்கு முடியும் இடத்தில் நீரில் நிலைகொண்டு எழவும் போதிய உடல் வளர்ச்சி வேண்டும். அதனால்தான் பெரிய சறுக்குகளின் அருகே அளவுகோல் நிறுத்தி, உயரம் குறைந்தவர்களைத் திருப்பி அனுப்புகின்றனர். தம்பி வரிசையில் நெடுநேரம் நின்று, இறுதியில் அழுதுகொண்டே திரும்புவதைவிட, உயர விதியை முன்னரே கேட்டறிதல் நன்று. சிறுவர்க்கென ஆழம் குறைந்த தனிக்குளம் உள்ளதா என்பதையும் அறிய வேண்டும்.

பாட்டியோ, "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? பூங்காவில் பைகளுக்குக் காவலாக அவரை வெயிலில் அமர்த்துவதும் சரியன்று. நிழலான இருக்கை, அருகில் உணவகம், எளிதில் நடக்கக்கூடிய பாதை ஆகியவை இருந்தால் பாட்டிக்கும் அது விடுமுறை நாளாகும். முட்டுக்காட்டில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அங்குள்ளது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளை அங்கே காணலாம். முட்டுக்காட்டுப் படகுத்துறையும் அருகில் உள்ளது. ஆனால் இவை அனைத்தையும் ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது அரிது.

எந்தப் பூங்காவுக்குச் சென்றாலும் நீரின் தூய்மையைக் கவனிக்க வேண்டும். குளத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரிய வேண்டும். நோய்க்கிருமிகளை அழிக்க நீரில் குளோரின் சேர்ப்பர். கடுமையான நெடி வீசினால் நீர் மிகத் தூயது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலக்கும்போது உண்டாகும் குளோரமைன்களே அந்த நெடிக்குக் காரணம். எனவே, குளத்தில் இறங்குமுன் குளித்துவிட்டுச் செல்வது நம் கடமை. வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் நீரில் இறங்கவே கூடாது.

பாதுகாப்பில் பூங்காவின் பொறுப்போடு நம் பொறுப்பும் அடங்கும். குளத்தருகே உயிர்காப்பாளர் நிற்கின்றாரா என்று பார்க்க வேண்டும். அவர் நின்றாலும், சிறுவரைக் கைக்கெட்டும் தொலைவிலேயே பெரியவர் ஒருவர் காக்க வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை, ஓசையின்றியே மூழ்கிவிடும். இடுப்பளவு நீர்தானே என்று எண்ணிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருத்தல் தவறு.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த அக்குடும்பம், இம்முறை பழஞ்சூருக்குச் செல்ல முடிவு செய்கிறது. பயணம் குறைவு என்பதே முதற்காரணம். சென்னையில் உறவினர் வீட்டில் இரவு தங்கும் வாய்ப்பு அமையும்போது, முட்டுக்காட்டுக்குச் சென்று தட்சிணசித்ராவையும் கண்டு வரலாம் என்று பாட்டிக்கு உறுதி கூறுகின்றனர். புறப்படுமுன் அப்பா தொலைபேசியில் கட்டணம், உயர விதி, உடை விதி, அன்று இயங்கும் விளையாட்டுகள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

சென்னையிலேயே வாழும் ஒரு குடும்பம் இதே வினாக்களை எழுப்பி முட்டுக்காட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் சரியே. வினாக்கள் ஒன்றாயினும், விடை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். குடும்பத்தில் மிகச் சிறியவரும் மிக மூத்தவரும் மகிழ்ந்து திரும்பும் இடமே நல்ல தேர்வு.

சொற்பொருள்

ஒருங்கே – ஒன்றாக
உராய்வு – இரு பொருள்கள் தேய்வதால் ஏற்படும் தடை
நெடி – மூக்கை உறுத்தும் மணம்
அரிது – எளிதன்று

சிந்தித்து எழுதுக

1. பெரிய சறுக்குகளில் உயர விதி வைப்பதன் காரணம் யாது?
2. "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பாட்டி கூறினால் நீ என்ன மறுமொழி கூறுவாய்?
3. நீ வாழும் ஊரின் அருகே உள்ள இரண்டு சுற்றுலா இடங்களை ஒப்பிட்டு, உன் குடும்பத்துக்கு ஏற்றதைக் காரணத்துடன் எழுதுக.