புது டிராக்டர் எஞ்சினில் வேறு ஓசை கேட்டால்

கறவை மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டால் அதற்கு ஏதோ கோளாறு என்பதை உழவர் உடனே அறிந்து கொள்கிறார். டிராக்டரின் எஞ்சினும் அவ்வாறே தன் கோளாறுகள் பலவற்றை முதலில் ஓசையால் தெரிவிக்கிறது. மாட்டின் குறிப்பு நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. எஞ்சினின் குறிப்பையோ நாம் முயன்று பழகிக் கொள்ள வேண்டியுள்ளது.

பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். மேலூர் வட்டாரத்தில் ஓர் உழவர் வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கி ஓராண்டு ஆகிறது. ஹவர் மீட்டர் நானூறு மணியைக் காட்டுகிறது. நாற்றங்காலில் நாற்று முற்றிக் கொண்டிருக்கிறது. தம் வயலுடன் பக்கத்து வயல்களுக்கும் தொளி உழவு செய்து தருவதாக அவர் வாக்களித்து விட்டார். இரண்டாம் நாள் காலையில் எஞ்சினிலிருந்து இதுவரை கேட்டிராத 'டக், டக்' என்ற ஓசை வருகிறது. நிறுத்தினால் வாடகையும் போகும், தவணையும் தவறும். நிறுத்தாமல் ஓட்டினால் எஞ்சினே போகக்கூடும். இந்த நிலையில் அவர் என்ன செய்ய வேண்டும்?

எல்லா ஓசைக்கும் வேலையை நிறுத்துவது தேவையற்றது. ஆனால் சில ஓசைகளுக்குப் பின் ஐந்து நிமிடம் ஓட்டுவதும் பெருநட்டம். எது எந்த வகை என்று பிரித்தறிவதே முக்கியம்.

இயல்பான ஓசை

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் சுமார் பதினாறு முதல் பதினெட்டு மடங்கு வரை அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயருகிறது. அப்போது இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது.

டீசல் உள்ளே வந்ததும் பற்றிவிடுவதில்லை. நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம் தாமதமாகிறது. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே வீச்சில் எரிவதால் எழுவதே டீசல் எஞ்சினின் 'கடகட' ஓசையாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இத்தாமதம் கூடுதல். ஆகவே மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் ஓசை சற்றுக் கடுமையாக இருந்து, சூடேறியதும் தணிவது இயல்பே. இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே, காலையில் குளிர்ந்த நிலையிலும், சூடேறிய பின்னும், சுமையோடு உழும்போதும் எஞ்சின் எவ்வாறு ஒலிக்கிறது என்பதைக் கவனித்துக் கேட்டு மனத்தில் பதித்துக் கொள்ளல் வேண்டும். இயல்பான ஓசையை அறிந்தவருக்கே மாறுபட்ட ஓசை உடனே புலப்படும். இன்று பலர் வீட்டிலும் கைப்பேசி உண்டு. அதில் ஒலிப்பதிவு செய்து வைத்துக் கொண்டால் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும்.

மூன்று கேள்விகள்

வேறு ஓசை கேட்டவுடன் கீழ்க்கண்ட மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, எப்போது கேட்கிறது? குளிர்ந்த நிலையில் கேட்டுச் சூடேறியதும் மறைகிறதா? சூடேறிய பின்னரே தொடங்குகிறதா? கலப்பையை மண்ணில் இறக்கிச் சுமை ஏறும்போது வலுக்கிறதா?

இரண்டாவது, எந்தத் தாளத்தில் கேட்கிறது? கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றே சுற்றும். எஞ்சின் நிமிடத்திற்கு 700 சுற்றில் மெதுவாக ஓடும்போது ஒரு வால்வு 350 முறைதான் திறந்து மூடும். ஆகவே மேல்மூடிப் பக்கத்திலிருந்து எஞ்சின் வேகத்தின் பாதித் தாளத்தில் மெல்லிய 'டிக், டிக்' ஓசை வந்தால் வால்வு இடைவெளி கூடியிருக்கலாம். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து கனத்த 'டக், டக்' ஓசை வந்தால் கனெக்டிங் ராடு, கிராங்க் பேரிங் ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

மூன்றாவது, ஓசையுடன் வேறு என்ன மாறியிருக்கிறது? ஆயில் அழுத்தம் குறைந்துள்ளதா? வெப்பமானி ஏறியுள்ளதா? புகையின் நிறம் மாறியுள்ளதா? இழுவை குறைந்துள்ளதா? ஓசையோடு இவற்றுள் ஒன்றும் சேர்ந்து வந்தால் கோளாறு உறுதி எனலாம்.

எங்கிருந்து வருகிறது?

எஞ்சின் ஓசை என்று கருதப்படுபவை சில எஞ்சினிலிருந்து வருவதில்லை. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஓசை இல்லையெனில் சக்கரம், கியர், ரோட்டவேட்டர், அதன் இணைப்புத் தண்டு ஆகியவற்றில் தேட வேண்டும். நின்ற நிலையிலும் ஓசை இருந்தால் கிளட்சை முழுமையாக மிதித்துப் பார்க்கவும். மிதித்ததும் ஓசை நின்றால் அது கியர் பெட்டியைச் சேர்ந்ததாகலாம். மிதித்த பின்னரே தொடங்கினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாவிடில் எஞ்சினைக் கவனிக்க வேண்டும்.

நீண்ட ஸ்குரு டிரைவரின் முனையை எஞ்சின் பாகத்தில் வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டால் ஓசை எங்கு வலுவாக உள்ளது என்பது தெரியும். மெக்கானிக்குகள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ஆனால் ஓடும் எஞ்சினருகில் குனியுமுன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேட்டியை இறுகக் கட்டிக் கொள்ள வேண்டும். விசிறியிலும் பெல்ட்டிலும் துணி சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

உடனே நிறுத்த வேண்டியவை

1. ஆயில் விளக்கு எரிந்து, அல்லது அழுத்தமானி இறங்கி, கனத்த தட்டல் கேட்டால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். வயல் வரப்பு வரை கொண்டு போகலாம் என்று எண்ணலாகாது. ஆயில் படலம் இல்லாத பேரிங் சில நிமிடங்களில் உருகிக் கிராங்க் தண்டைக் கெடுத்துவிடும்.

2. சுமையில் வலுத்து, சுமை குறைந்ததும் தணியும் கனத்த தட்டல்.

3. இரும்போடு இரும்பு உரசுவது போன்ற ஓசை, அல்லது ஏதோ உடைந்து உருள்வது போன்ற ஓசை.

4. வெப்பமானி சிவப்புப் பகுதிக்கு ஏறி, எஞ்சின் திணறி ஒலித்தல். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீய்ச்சி முகத்தைச் சுட்டுவிடும்.

நிறுத்திய பின் சமதளத்தில் சில நிமிடங்கள் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருந்தால் காரணம் எளிதில் விளங்கும். ஆனால் ஆயில் மட்டம் உயர்ந்திருந்தாலும் மகிழ்வதற்கில்லை. டீசலோ தண்ணீரோ அதில் கலந்திருக்கிறது என்பது அதன் பொருளாகலாம். ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது எனக் கொள்ளலாம். அந்நிலையில் எஞ்சினை மீண்டும் ஓட்டக் கூடாது.

விரைவில் சரி செய்து கொள்ளக் கூடியவை

'கீச்' என்ற கூச்சல் எஞ்சினை முடுக்கும்போது கேட்டால் பேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு இரு கப்பிகளுக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் பொதுவாகச் சுமார் 10 முதல் 12 மி.மீ. வரை அமிழலாம். அதற்கு மேல் அமிழ்ந்தால் இறுக்க வேண்டும். பெல்ட் வழுக்கினால் எஞ்சின் சூடேறும் என்பதால் இதையும் நாள் தள்ளலாகாது.

'புஸ், புஸ்' என்ற ஓசையும், சைலன்சர் இணைப்பருகே கரியும் காணப்பட்டால் அங்குள்ள கேஸ்கெட் பழுதுபட்டிருக்கும். வால்வின் மெல்லிய 'டிக், டிக்' ஓசையை அடுத்த சில நாள்களில் மெக்கானிக் இடைவெளியை அளந்து சரி செய்யலாம். அந்த இடைவெளி ஒரு மில்லி மீட்டரில் கால் பங்கு முதல் அரைப் பங்குக்குள் அமைவது வழக்கம். வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் காண்க.

ஒரே உருளையிலிருந்து கூர்மையான தட்டலும், கரும்புகையும் சேர்ந்து வந்தால் இன்ஜெக்டர் டீசலைத் தூவாமல் சொட்டவிடுகிறது என ஐயுறலாம். மெக்கானிக் ஒவ்வோர் இன்ஜெக்டரின் குழாயையும் தளர்த்திப் பார்த்து, எதைத் தளர்த்தும்போது தட்டல் மறைகிறது என்று கண்டறிவார். இதனை உழவர் தாமே செய்து பார்த்தல் கூடாது. உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த வண்டிகள் பலவற்றில் காமன் ரெயில் முறை உள்ளது. அவற்றில் இக்குழாய்களை எஞ்சின் ஓடும்போது எவரும் தொடவே கூடாது.

புது எஞ்சினில் கோளாறு ஏன்?

புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தத் தொடக்கத்தில் சிறிது காலம் தேவை. பல வண்டிகளில் முதல் 50 மணி நேரத்தை இதற்கென ஒதுக்கியிருப்பர். அக்காலத்தில் முழுச் சுமை ஏற்றுவதும் தவறு, வேலையின்றி நெடுநேரம் ஓடவிடுவதும் தவறு. அதன் இறுதியில் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சோதித்து, தளர்ந்த நட்டுகளை முடுக்க வேண்டும். தொளி உழவு அவசரத்தில் இந்த முதல் சர்வீஸைத் தள்ளிப் போடுவதே பின்னர் வரும் பல தொல்லைகளுக்கு வித்தாகிறது.

இரண்டாவது காரணம் தூசி. திருமங்கலம், கள்ளிக்குடிப் பகுதிகளின் கரிசல் காட்டில் கோடை உழவு செய்யும்போதும், கதிரடிக்கும் களத்திலும் எழும் தூசி, ஏர் கிளீனரின் குறைபாட்டால் உள்ளே புகுந்தால் பிஸ்டன் வளையங்களையும் உருளையையும் அரைத்துவிடும். ஆயில் தொட்டி வகை ஏர் கிளீனராயின் நாள்தோறும் மட்டம் பார்த்து, சேறு படிந்த ஆயிலை மாற்ற வேண்டும்.

மூன்றாவது காரணம் டீசலில் கலந்த தண்ணீரும் அழுக்கும். தகர டப்பாவில் வாங்கி வந்து திறந்த புனலால் ஊற்றுவதைத் தவிர்க்கவும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைத்தால் இரவின் குளிர்ச்சியில் உள்ளே நீர் துளிர்ப்பது குறையும்.

கார், சிறு சரக்கு வண்டி வைத்திருப்போர்க்கு

மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூவும் காயும் ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளுக்கும், காருக்கும் மேற்கூறிய மூன்று கேள்விகளே பொருந்தும். எஞ்சினுக்கு அடியிலுள்ள தகடு தளர்ந்து வேகத்தடையில் அடிபட்டு ஒலிப்பது எளிய கோளாறே. வயலருகே நிறுத்தும் வண்டிகளில் எலிகள் புகுந்து ஒயர்களைக் கடித்துவிடுவதுண்டு. அதனால் ஓர் உருளை எரியாமல் எஞ்சின் குலுங்கி ஒலிக்கலாம். புது ஓசை கேட்டால் பானெட்டைத் திறந்து இதையும் பார்க்கவும்.

உத்தரவாதக் காலத்தில் கவனிக்க வேண்டியவை

உத்தரவாதக் காலம் முடியாத எஞ்சினை வெளி மெக்கானிக்கைக் கொண்டு திறந்துவிட்டால், பழுதுக்கு அதுவே காரணம் என்று கம்பெனி மறுக்க இடமுண்டு. எனவே ஒரு நோட்டில் ஓசை கேட்ட நாள், ஹவர் மீட்டர் அளவு, அப்போது செய்த வேலை, ஆயில் மட்டம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்க. விற்பனையாளரிடம் வாய்ச்சொல்லாக அன்றி எழுத்து மூலம் தெரிவித்து, ஜாப் கார்டு நகலைக் கேட்டுப் பெறுக. சர்வீஸ் கூப்பன்களையும் ஆயில் வாங்கிய ரசீதுகளையும் பாதுகாத்து வைக்கவும்.

நியாயம் கிடைக்காவிடில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வழக்கிற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தம் பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்ய மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கில் வாங்கியதாக அச்சட்டம் கருதுவதில்லை.

இப்போது மேலூர் உழவரிடம் திரும்புவோம். அவர் கேட்டது சுமையில் வலுக்கும் கனத்த தட்டலாயின், அங்கேயே நிறுத்திவிட்டு எஞ்சியுள்ள வயல்களுக்கு வாடகை டிராக்டரை ஏற்பாடு செய்ய வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்கு அளித்து வருகிறது. சில நாள் வாடகை போவது உண்மைதான். ஆனால் கிராங்க் தண்டு கெட்டால் பருவமே போய்விடும். மேல்மூடியில் கேட்பது மெல்லிய 'டிக், டிக்' ஓசையாயின், ஆயிலையும் வெப்பத்தையும் பார்த்துக் கொண்டு உழவை முடித்து, மெக்கானிக்கை அழைக்கலாம். எந்த ஓசை எனப் பிரித்தறிய இயலாவிடில் நிறுத்துவதே நலம். நாற்று இரண்டு நாள் பொறுக்கும், ஆயில் இல்லாத பேரிங் பொறுக்காது.