டாக்டர் பட்டமா? மேனேஜர் நாற்காலியா?

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்)



நம்ம கேன்டீனில் டீ ஆறிப்போகும்வரை பேசப்படும் விஷயங்கள் மூன்றே மூன்று. ஒன்று அரியர். இரண்டு கேம்பஸ் இன்டர்வியூ. மூன்று, "அடுத்து என்னடா பண்ணப்போற?" முதல் இரண்டுக்கும் எப்படியோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. மூன்றாவது கேள்விதான் ராத்திரி ஹாஸ்டல் ரூம் வரைக்கும் கூடவே வருகிறது.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் குடியிருந்தது. காரணம், என் பெரியப்பா மகன். ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு, அதனால் எனக்குச் சொந்த அண்ணன் மாதிரிதான். அவரும் நம்மைப்போல டிப்ளமோ மெக்கானிக்கல். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. முடித்து, ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தார். ஆறு வருஷம் ஓடியது. அசிஸ்டென்ட் மேனேஜர் ஆகப்போகிற நேரத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "அமெரிக்காவில் மேனேஜ்மென்ட் பி.எச்டி.க்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்."

பெரியப்பா சாதத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. "இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா? வீட்டுக் கடன் யாருப்பா கட்டுறது?" என்றார். பெரியம்மா கேட்டது வேறு: "படிச்சு முடிச்சா என்ன வேலைடா?" நாங்கள் யாரும் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடியபோது நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பி.எச்டி. என்பது பெரிய எம்.பி.ஏ. அல்ல!

நம்மில் பலர் நினைப்பது இதுதான்: பி.இ. ஒரு படி, எம்.பி.ஏ. அடுத்த படி, பி.எச்டி. அதற்கும் மேல் படி. பி.எச்டி. முடித்தவன் கம்பெனியில் நேராக ஜெனரல் மேனேஜர்! இது தப்புக் கணக்கு. இரண்டும் ஒரே மாடிப்படி இல்லை. வேறு வேறு கட்டிடம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்ணனின் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டில் ரிஜெக்‌ஷன் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அதே மெஷின், அதே மெட்டீரியல், அதே டிராயிங். மேனேஜருக்கு என்ன கவலை? வெள்ளிக்கிழமைக்குள் ரிஜெக்‌ஷன் குறையணும். ஒரு ஆளை மாற்றுவார், இன்ஸ்பெக்‌ஷனை இரட்டிப்பாக்குவார், வேலை முடிந்தது. ஆராய்ச்சியாளருக்கு வேறு கவலை. இது ஏன் நடக்கிறது? இந்த ஒரு கம்பெனியில் மட்டுமா, எல்லா இடத்திலுமா? தூக்கமா, சூப்பர்வைசரா, சம்பள முறையா? பல ஆலைகளின் கணக்கைச் சேர்த்து, ஒவ்வொரு காரணமாகப் பிரித்துப் பார்க்க அவருக்கு நான்கு வருஷம்கூட ஆகலாம்.

எம்.பி.ஏ., முதல் ஆளைத் தயார் செய்கிறது. பி.எச்டி., இரண்டாவது ஆளைத் தயார் செய்கிறது. முடித்தவர்களில் பெரும்பாலோர் போவது பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் வேலைக்குத்தான். கன்சல்டிங், நிதி நிறுவனம், பெரிய டெக்னாலஜி கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவு என்று போகிறவர்களும் உண்டு.

லேத் பக்கத்தில் பிறந்த படிப்பு

"நமக்கும் மேனேஜ்மென்ட் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? மேனுஃபாக்சரிங் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வெட்டும் வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள டெய்லர் சமன்பாடு இருக்கும். அதே ஃபிரெடரிக் டெய்லர்தான் விஞ்ஞான நிர்வாகத்தின் தந்தை என்றும் சொல்லப்படுகிறவர்!

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பேட்டர்ன் வேலையும் மெஷின் வேலையும் கற்ற அப்ரென்டிஸ் அவர். 1878ல் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே 1883ல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். உலோகம் வெட்டுவது பற்றிய சோதனைகளை 26 வருஷம் நடத்தி 1906ல் முடிவுகளைச் சொன்னார். நிர்வாகம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1911ல் வந்தது. அதே 1911ல், அவருடைய ஸ்டாப்வாட்ச் முறையை எதிர்த்து வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆராய்ச்சி யாருக்காக என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது. ஷாப் ஃப்ளோரில் நின்றவனுக்குத்தான் நல்ல கேள்வி கிடைக்கும். டிப்ளமோக்காரன் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அங்கே அஞ்சு வருஷம் என்னதான் நடக்கும்?

அமெரிக்காவில் பிசினஸ் பி.எச்டி. பொதுவாக நாலிலிருந்து ஆறு வருஷம். ஃபைனான்ஸ், அக்கவுண்டிங், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ், மனித நடத்தை என்று ஏதாவது ஒரு துறையில்தான் சேர முடியும். முதல் இரண்டு வருஷம் வகுப்புகள். பொருளாதாரம், புள்ளியியல், ஆராய்ச்சி முறை என்று பிழிந்தெடுப்பார்கள். பிறகு காம்ப்ரிஹென்சிவ் என்று ஒரு பெரிய தேர்வு. அதில் தேறினால்தான் மேலே போகலாம். மிச்ச வருஷங்கள் ஆய்வேடு. வகுப்பு கிடையாது, டைம்டேபிள் கிடையாது. நீங்களும் உங்கள் கேள்வியும்தான்.

சேருவதற்கு ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, ஏன் படிக்க விரும்புகிறோம் என்ற கட்டுரை, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். ஒரு துறையில் வருஷத்துக்கு நாலைந்து பேரைத்தான் எடுப்பார்கள். பல இடங்களில் எம்.பி.ஏ. கட்டாயமில்லை, பி.இ. போதும். இன்னொரு நல்ல செய்தி: பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ 3, லேட்டரல் என்ட்ரி பி.இ. 3, மொத்தம் 16 வருஷம். பிளஸ் டூ வழியாகப் போனவனுக்கும் அதே 16தான்!

இங்கிலாந்தில் மூன்று, நான்கு வருஷம். ஆனால் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள், உதவித்தொகை எல்லோருக்கும் கிடைக்காது. ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளில் பல ஆய்வு மாணவர்களைச் சம்பளம் கொடுத்து ஊழியராகவே வைத்துக்கொள்கிறார்கள்.

காசுக் கணக்கு

அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களில் பி.எச்டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஃபீஸ் தள்ளுபடி. அதோடு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. பதிலுக்கு வகுப்பில் உதவுவது, பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு உதவுவது என்று வேலை செய்ய வேண்டும். எம்.பி.ஏ.க்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குகிறார்களே, அந்தப் பேச்சு இங்கே பெரும்பாலும் இல்லை. உதவித்தொகை இல்லாமல் சீட் மட்டும் கொடுத்தால், நம் வீட்டு நிலைமைக்கு அதை மறந்துவிடுவதே நல்லது.

அப்படியானால் பி.எச்டி. இலவசமா? இல்லை நண்பர்களே, இங்கேதான் ஏமாந்துவிடுகிறோம்! கட்டாத ஃபீஸ் கண்ணுக்குத் தெரிகிறது, வாங்காத சம்பளம் தெரிவதில்லை. ஒரு பேச்சுக்கு மாசம் 60,000 சம்பளம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். அஞ்சு வருஷத்துக்கு 36 லட்சம். இன்கிரிமென்ட், பி.எஃப்., பிரமோஷன் எல்லாம் தனி. அங்கே கிடைக்கும் உதவித்தொகை ஒண்டிக்கட்டைக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சரியாகப் போகும். ஊருக்கு அனுப்பப் பெரிதாக மிஞ்சாது. கல்யாணம் ஆனவர் என்றால், மாணவரின் துணைக்குக் கொடுக்கும் விசாவில் மனைவியோ கணவரோ அங்கே வேலைக்குப் போக முடியாது.

முடித்த பிறகு? அமெரிக்காவில் பிசினஸ் பேராசிரியர்களின் சம்பளம் மற்ற பல துறைகளைவிடக் கூடுதல்தான். ஆனால் முதல் ஆறு வருஷம் போலத் தற்காலிகம். அதற்குள் பெரிய ஆராய்ச்சி இதழ்களில் கட்டுரை வரணும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டணும். அனுப்பும் கட்டுரைகளில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிடும். விசாவும் நம் கையில் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று திடீரென அறிவித்தது நினைவிருக்கும். இக்கரைக்கு அக்கரை பச்சை!

கம்பெனி வேலையும் சும்மா இல்லை. டிரெயினியாகச் சேர்ந்து மேலே வருவதற்குள் நைட் ஷிப்டு, டார்கெட், ஆடிட் என்று முதுகு வளைந்துவிடும். ஆர்டர் குறைந்தால் ஆட்குறைப்பு. ஆனால் முதல் மாசத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் வரும். செய்த வேலையின் பலன் அந்த மாசமே தெரியும். அது சின்ன விஷயம் இல்லை.

நம் ஊரில் பிறந்த இருவர்

சி.கே. பிரகலாத், 1941ல் கோவையில் பிறந்தவர். சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடில் நான்கு வருஷம் வேலை பார்த்தார். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்., அதன்பின் ஹார்வர்டில் 1975ல் முனைவர் பட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். கேரி ஹாமெலுடன் சேர்ந்து 1990ல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் 'கோர் காம்பிடன்ஸ்' என்ற சொல்லை உலகக் கம்பெனிகளின் வாயில் போட்டது. ஏழைகளை வாடிக்கையாளராகப் பார்ப்பது பற்றி 2004ல் எழுதிய புத்தகத்தில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒரு பாடம். 2010ல் காலமானார்.

இந்திரா நூயி, 1955ல் சென்னையில் பிறந்தவர். மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரி, கல்கத்தா ஐ.ஐ.எம்., அமெரிக்காவில் யேல். பி.எச்டி. பக்கம் போகவில்லை. 1994ல் பெப்சிகோவில் சேர்ந்து, 2006 முதல் 2018 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

இருவருமே ஐ.ஐ.எம்., இருவருமே அமெரிக்கா. ஒருவர் கம்பெனிகளைப் பற்றி யோசித்தார், ஒருவர் கம்பெனியை நடத்தினார். யார் உசத்தி என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கணக்கில் வராத செலவு

அண்ணன் உடனே கிளம்பவில்லை. இரண்டு வருஷம் வேலையிலேயே இருந்து வீட்டுக் கடனை அடைத்தார். அப்புறம்தான் விண்ணப்பம் போட்டார். ஒரு இடத்தில் உதவித்தொகையோடு சீட் கிடைத்தது. எல்லோரும் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கையசைத்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது வருஷம் பெரியம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அதே வாரம் அண்ணனுக்கு காம்ப்ரிஹென்சிவ் தேர்வு. வர முடியவில்லை, டிக்கெட் காசும் இல்லை. ஆஸ்பத்திரியில் பேப்பரில் கையெழுத்துப் போட்டது எங்கப்பா. ராத்திரி வெளி பெஞ்சில் படுத்திருந்தவன் நான். போனில் அண்ணன், "நீ இருக்கியேன்னுதான்டா எனக்குத் தைரியம்" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஒருத்தர் படிக்கப் போனால் அவர் மட்டும் போவதில்லை. வீட்டில் மிச்சம் இருப்பவர்களும் அந்தப் படிப்பைச் சுமக்கிறார்கள்.

அண்ணனோடு படித்த நண்பர் ஒருவர் அதே கம்பெனியில் இருந்துவிட்டார். இன்று குவாலிட்டி மேனேஜர். இரண்டாவது ஷிப்டு ரிஜெக்‌ஷனைக் குறைத்தவர் அவர்தான். அது ஏன் வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் அண்ணன். இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்கிறார்கள்!

நம் ஊரிலும் வழி உண்டு

முனைவர் பட்டத்துக்குக் கடல் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் 1971லேயே ஃபெல்லோ படிப்பு தொடங்கிவிட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஐ.ஐ.எம்.கள் பி.எச்டி. பட்டமே கொடுக்கலாம். 2011ல் தொடங்கிய ஐ.ஐ.எம். நம் திருச்சியிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் நிர்வாகத் துறை உண்டு. உதவித்தொகையும் உண்டு, அவசரமென்றால் ராத்திரி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

கையெழுத்துப் போடும் முன்

1. விடை தெரியாத ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறதா? அல்லது பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வேண்டுமா?
2. ஐந்து வருஷம் என் சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா? ஓடாது என்றால், ஓடும்படி செய்ய எத்தனை வருஷம் வேலை பார்க்கணும்?
3. பேராசிரியர் வேலை எனக்குப் பிடிக்குமா? படிப்பதும் எழுதுவதும் திருத்துவதும்தான் வாழ்க்கை என்றால் சம்மதமா?
4. வீட்டில் அவசரம் என்றால் யார் நிற்பார்கள்? அவர்களிடம் கேட்டேனா?

முதல் கேள்விக்கு நேர்மையாக 'ஆமாம்' என்று வந்தால், மற்றவற்றுக்கு வழி தேடலாம், ஒன்றிரண்டு வருஷம் கூட ஆனாலும் பரவாயில்லை. 'இல்லை' என்று வந்தால் தயங்காமல் கம்பெனி வாசலில் ஐ.டி. கார்டைக் காட்டி உள்ளே போங்கள். அதுவும் படிப்புதான்.

நாலாவது கேள்வியை அண்ணன் போகும்முன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "போயிட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம்.