சூரோவின் ரம்பம்

2011 டிசம்பரில் தேர்தல் முடிவை எதிர்த்து மாஸ்கோ வீதிகளில் திரண்ட கூட்டத்தில் ஒரு விநோதமான பதாகை தென்பட்டது. சூரோவை நம்பமாட்டோம், காஸை நம்புகிறோம் என்றது அது. காஸ் 1855-லேயே இறந்துபோன ஜெர்மன் கணித மேதை. சூரோவ், ரஷ்ய மத்திய தேர்தல் ஆணையத்தின் தலைவர்.

விளாதிமிர் சூரோவ் 1953-ல் லெனின்கிராடில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். 1990-களில் அந்நகர மேயர் அலுவலகத்தின் வெளியுறவுக் குழுவில் வேலை பார்த்தார். அப்போது அவருடைய மேலதிகாரி புதின். 2003-ல் ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான டூமாவில் உறுப்பினர் ஆனார். தேர்தல் ஆணையத்துக்கு வருபவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2007 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. மார்ச்சில் நாற்காலி அவருக்கு வந்தது. புதின் எப்போதும் சரியாகவே இருப்பார் என்பதைச் 'சூரோவின் முதல் விதி' என்று அவரே பேட்டியில் அறிவித்தார். இயற்பியல்காரர் இல்லையா, விதி சொல்லாமல் இருக்க முடியுமா!

அவர் நடத்திய 2011 டூமா தேர்தலில் ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சி 49.32 சதவீத ஓட்டு வாங்கியது. கணக்கு உதைக்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் செர்கெய் ஷ்பில்கின். அவரும் இயற்பியல் படித்தவர். அவர் பயன்படுத்தியது ரகசிய ஆவணம் எதுவும் அல்ல. நாட்டிலுள்ள சுமார் 95 ஆயிரம் வாக்குச்சாவடிகளின் முடிவுகளையும் ஆணையமே தன் இணையதளத்தில் வெளியிட்டிருந்தது.

இத்தனை சதவீதம் வாக்குப்பதிவான சாவடிகள் எத்தனை என்று எண்ணி வரைபடம் போட்டால், மலைபோல் ஏறி இறங்கும் ஒரு கோடு, காஸின் பெயர் பெற்ற மணி வடிவக் கோடு, கிடைக்க வேண்டும் என்பது பதாகை பிடித்தவர்களின் வாதம். ரஷ்யக் கோட்டில் வலப்பக்கச் சரிவு இறங்கவே மறுத்தது. அது மட்டுமல்ல, 70, 75, 80, 85 என முழு எண் வரும் இடங்களில் ஊசி ஊசியாக எழும்பி நின்றது. அந்தப் பற்களுக்கு மக்கள் வைத்த பெயர்தான் சூரோவின் ரம்பம்.

பதாகை பிடித்தவர்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, காஸ் வாதம் பலவீனமானது. வாக்குப்பதிவு மணி வடிவத்தில்தான் பரவ வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. கிராமத்தில் ஒரு மாதிரி ஓட்டுப் போடுவார்கள், பெருநகரத்தில் வேறு மாதிரி; கோடு கோணலாகலாம், இரண்டு திமில்கூட வரலாம். ஆனால் பற்கள் வேறு சங்கதி. பட்டியலில் 1,755 பேர் உள்ள ஒரு சாவடியை எடுத்துக்கொள்வோம். 1,404-ஆவது ஆள் உள்ளே வரும்போது வாக்குப்பதிவு சரியாக 80 சதவீதம். வருகிறவருக்கு அது தெரியாது. 1,398-லோ 1,411-லோ கூட்டம் நின்றுபோகலாம். 80 என்ற எண்மேல் ஆசை வைக்கக்கூடியவர், சதவீதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஓட்டு எண்ணிக்கையைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறவர் மட்டுமே.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறிய சாவடிகளில் பாதி, மூன்றில் இரண்டு போன்ற பின்னங்கள் தற்செயலாகவே அடிக்கடி வரும். அதனால் ஷ்பில்கினும் கோபக், ப்ஷெனிச்னிகோவ் என்ற ஆய்வாளர்களும் கணினியில் அதே சாவடிகளை வைத்து, அதே வாக்காளர் எண்ணிக்கையில், பொய்யே இல்லாத தேர்தலைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். தற்செயல் எவ்வளவு உயரப் பல்லை வளர்க்கும் என்பது அதில் தெரிந்துவிடும். உண்மையான பற்கள் அதைத் தாண்டி நின்றன. 2016-ல் அந்த ஆய்வு புள்ளியியல் இதழொன்றில் வெளியானது.

அன்றைய அதிபர் மெத்வெதேவ் சூரோவை ஏறத்தாழ ஒரு மந்திரவாதி என்று பாராட்டியிருந்தார். எதிர்ப்பாளர்கள் அந்தப் பட்டத்தைக் கேலியாக எடுத்துக்கொண்டார்கள். 2012 அதிபர் தேர்தலுக்குச் சாவடிகளில் கேமராக்கள் வந்தன. 2016 மார்ச்சில் சூரோவ் போய் எல்லா பம்ஃபீலவா என்பவர் தலைவரானார். சூரோவுக்கு வெளியுறவு அமைச்சகத்தில் தூதர் பதவி கிடைத்தது. 2023-ல் காலமானார்.

ஆள் மாறினாலும் கணக்கு அடங்கவில்லை. 2016 செப்டம்பரில் நடந்த டூமா தேர்தலில் சராத்தோவ் நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சாவடிகளில் ஐக்கிய ரஷ்யாவுக்கு ஒரே மாதிரி 62.2 சதவீதம். இந்த முறை முழு எண்ணைத் தவிர்த்துவிட்டார்கள் போலும்! 2021 தேர்தலுக்குப் பிறகு ஆணையத்தின் தளமே புதுவிதமாக நடந்துகொண்டது. திரையில் எண்கள் ஒழுங்காகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக விழும். கண்ணால் படிக்கலாம், கணினியால் கூட்டிக் கழிக்க முடியாது. நிரலாளர்கள் சீக்கிரமே அந்தப் பூட்டை உடைத்தார்கள். ஷ்பில்கின் மறுபடி வரைபடம் போட்டார்.