உங்களுக்குத் தெரியுமா? செல்லுக்குள் நுழையாமலே செய்தி சொல்லும் அட்ரினலின்

அச்சம் மேலிடும்போது அட்ரினல் சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் என்னும் ஹார்மோன், கல்லீரல் செல்களில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரையைக் குளுக்கோஸாக வெளியேறச் செய்கிறது. எனினும் இதற்காக அது செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி எனப்படும் புரதத்தோடு இணைவதே அதன் வேலை.

வகுப்பறையில் சில அம்புக்குறிகளோடு முடிந்துவிடும் இப்பாடத்தின் பின்னுள்ள சோதனை, பாடத்தைவிடவும் அழகானது. அமெரிக்க அறிவியலாளர் ஏர்ல் சதர்லேண்டும் அவருடைய குழுவினரும் 1950களில் கல்லீரல் செல்களை உடைத்து, அக்கலவையிலிருந்து சவ்வுத் துணுக்குகளை நீக்கியபோது ஹார்மோனின் விளைவு மறைந்துபோனது. சவ்வுத் துணுக்குகளோடு மட்டும் ஹார்மோனைச் சேர்த்து, அதில் உருவான, சூட்டில் சிதையாத சிறுமூலக்கூறை எஞ்சிய செல்சாற்றில் இட்டபோதோ விளைவு மீண்டும் தோன்றியது. சைக்ளிக் ஏ.எம்.பி. எனப் பின்னர் அறியப்பட்ட அம்மூலக்கூறு, வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே எடுத்துச் செல்வதால் ‘இரண்டாம் தூதர்’ எனப்படுகிறது. ஏற்பியால் தூண்டப்படும் நொதி ஒவ்வொன்றும் இத்தகைய தூதர்களைப் பெருமளவில் ஆக்குவதால், மிகச் சிறிதளவு ஹார்மோனே பெரும் விளைவுக்குப் போதுமானதாகிறது.

இவ்வாய்வுகளுக்காகச் சதர்லேண்ட் 1971இல் நோபல் பரிசு பெற்றார். ஏற்பிக்கும் நொதிக்கும் இடையே செய்தியைக் கடத்தும் ஜி-புரதங்களைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் கில்மனுக்கும் மார்ட்டின் ராட்பெல்லுக்கும் 1994இல் அப்பரிசு வழங்கப்பட்டது.