வெறும் பேச்சுத்தானா?



கொஞ்ச நாளைக்கு முன் நாங்கள் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். லயத்துக்குக் கீழே பீலியடியில் ஓர் அம்மா எங்களை மறித்து, "எம்புள்ள ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குதுங்க" என்றார். ஆண் பிள்ளையாகப் பிறந்தது. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து தன்னைப் பெண்ணாகவே நினைக்கிறது. பாடசாலையில் அதற்கு "ஒம்போது" என்று பெயர். பீலியில் "பொட்டை", கடைச் சந்தியில் "அலி". எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. யாரும் கை நீட்டி அடிக்கவில்லை. எல்லாம் வெறும் பேச்சுத்தான்.

வெறும் பேச்சு என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தாத்தா பாட்டிமாரைக் "கூலி" என்றார்கள். 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மவர்கள் நாடற்றவர்களாக ஆனபோது "கள்ளத்தோணி" என்றார்கள். டவுன் பஸ்ஸில் "தோட்டக்காட்டான்" என்ற சொல் காதில் விழுந்து, தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தச் சொல்லைத்தான் இப்போது நாம் வேறு மாதிரி ஒரு சின்னப் பிள்ளையின் மேல் எறிகிறோம்.

இது சேட்டையும் இல்லை, செய்வினையும் இல்லை, வளர்ப்புக் குற்றமும் இல்லை. உடம்பு ஒரு விதமாகவும் உள்ளுணர்வு வேறு விதமாகவும் அமைந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். தொல்காப்பியமே இவர்களை உயர்திணையில்தான் வைக்கிறது. மனுசரை மனுசராகத்தான் பேச வேண்டும் என்பது அந்தக் காலத்து இலக்கணம். (நாமும் வீட்டில் பிள்ளைகளை "அது சாப்பிட்டுச்சா" என்று ஆசையாகக் கேட்கிறோம்தான். சந்தியில் "அது போகுது பாரு" என்பது அந்த "அது" இல்லை. கேட்கிறவருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.) இப்போது திருநங்கை என்றும், பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்றும் மரியாதையாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008 இல் திருநங்கைகளுக்கு நலவாரியமே அமைத்தார்கள்.

மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேசம் கட்டுகிற ஆம்பளைக்கு ஆரத்தி எடுக்கிறோம். வேசம் கட்டுகிறவரெல்லாம் திருநங்கை இல்லை, அது வேறு விசயம். ஆனால் சேலை கட்டியவரைக் கும்பிடத் தெரிந்த நமக்கு, சேலை கட்ட ஆசைப்படுகிற பிள்ளையைப் பார்த்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

கேலிக்குப் பயந்த பிள்ளை முதலில் பாடசாலையை விடும். பிறகு பெரட்டுக்கு வராது. காய்ச்சல் வந்தாலும் டிஸ்பென்சரிக்குப் போகாது, அங்கேயும் வரிசையில் நின்று சிரிப்பார்களே. கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் பஸ் ஏறிவிடும். படிப்பும் இல்லாமல், தெரிந்தவர்களும் இல்லாமல் அங்கே என்ன பாடுபடும் என்பதைப் பெற்றவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. நம் நாட்டில் 2016 இல் சுகாதார அமைச்சு ஓர் ஏற்பாடு செய்தது. அரசாங்க ஆஸ்பத்திரி மனநல வைத்தியர் பார்த்து, பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுத்தால், அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் பாலைத் திருத்தலாம். மனநல வைத்தியர் என்றதும் பைத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இதை மனநோய் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. ஆனால் வைத்தியரிடம் போகும்வரை அந்தப் பிள்ளை வீட்டில் தங்க வேண்டுமே. அது வைத்தியர் கையில் இல்லை, பக்கத்துக் காம்பராக்காரர் வாயில் இருக்கிறது.

அந்த அம்மாவிடம், "இப்ப பிள்ளை எங்கே?" என்று கேட்டோம். பிள்ளைக் காம்பராவில் என்றார். அங்கே இருக்கிற ஆயா அக்கா ஒருவர்தான் "வா தாயி" என்று கூப்பிடுகிறாராம். காலையில் போனால் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்து, கைப்பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறதாம்.