சருகுக்குள் ஓர் ஆமை

ஆமை என்றால் குளமும் கடலும்தானே நினைவுக்கு வரும்? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், ஈரச் சருகுக்குள் பதுங்கி வாழ்கிறது பிரம்பு ஆமை. நீளம் சுமார் 13 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். முகம் மஞ்சள். மூக்கு நுனியில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்புப் புள்ளி! நத்தை, பூச்சி, உதிர்ந்த பழம் என்று கிடைத்ததைத் தின்னும்.

1912-இல் விவரிக்கப்பட்ட இந்த ஆமை, அப்புறம் எழுபது ஆண்டுகள் எந்த ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை. சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகத் தொடங்கிய ஜெ. விஜயா, 1982-இல் கேரளக் காட்டில், காடர் பழங்குடியினர் துணையோடு இதைக் கண்டெடுத்தார். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் அவர். 1987-இல், இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அழியும் ஆபத்தில் உள்ள இந்த ஆமையின் பேரினத்துக்கு 2006-இல் சூட்டிய பெயர், 'விஜயகெலிஸ்'.