உங்களுக்குத் தெரியுமா? மீனுக்கு மீன் தாவும் வைரஸ்

◆ சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவின் வடகரையில் இருக்கிறது மாதகல். வடக்கில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. திருகோணமலைக் கடலில் கூடுகளில் கொடுவா வளர்க்கிறார்கள். நாளை நம் மாதகல் கரையிலும் மீன்கூடு போட நினைப்பவர்கள் கூட்டுக்கு வலை வாங்குமுன் மீன் வைரஸ்களை அறிந்துகொள்ள வேண்டும்.

◆ பீட்டாநோடா என்ற வைரஸ் நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்களில் கண்டறியப்பட்டுள்ளது. கொடுவாவும் கலவாயும் அவற்றுள் அடக்கம். அது மூளையையும் விழித்திரையையும் சிதைக்கும். குஞ்சுகள் கறுத்து, நிலைதடுமாறி, சுழன்று சுழன்று நீந்திச் சாகும். சில வேளை ஒரு தொட்டிக் குஞ்சுகள் முழுவதுமே அழிந்துவிடும்.

◆ நோயில் தப்பிய பெரிய மீன் பார்வைக்கு நலமாகவே தெரியும். ஆனால் வைரஸ் அதன் உடலில் தங்கியிருந்து, முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகலாம். தாய்மீனைச் சோதிக்காத பொரிப்பகம் குஞ்சோடு நோயையும் விற்கக்கூடும்.

◆ சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனம்பெருக்கிக் காட்டியது. இந்தியக் கொடுவாக் குஞ்சுகளில் பீட்டாநோடா தரும் நரம்பு நோய் 2005இல் ஆய்விதழில் பதிவானது.

◆ பீட்டாநோடாவின் மரபுப்பொருள் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. இருவகை வைரஸ்கள் ஒரே மீனுக்குள் சந்தித்தால் துண்டுகள் இடம்மாறிப் புதுக்கலப்பு பிறக்கும். மத்தியதரைக் கடல் பண்ணைகளில் இப்படித்தான் நடந்தது. நோயைத் தாங்கும் எனக் கருதப்பட்ட சீபிரீம் மீனின் குஞ்சுகளும் கலப்பு வைரஸால் மடிந்தன.

◆ ஜப்பானின் சிக்கோக்குத் தீவில் 1990இல் சிவப்பு சீபிரீம் மீனைத் தாக்கிய இரிடோவைரஸ் என்ற இன்னொரு வைரஸ், பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் காணப்பட்டது. இந்தியாவின் தென்மேற்குக் கரையில் கூடுகளில் வளர்ந்த கொடுவாவிலும் அது கண்டறியப்பட்டுள்ளது.

◆ கடலில் பிடித்த சூடையையும் மற்றச் சிறுமீனையும் பச்சையாகத் தீனி போட்டால், காட்டு மீனின் வைரஸ் நேரே கூட்டுக்குள் வரலாம். ஐஸில் உறையவைத்தாலும் பல வைரஸ்கள் சாவதில்லை.

◆ ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில், சால்மனின் உடலில் ஒட்டும் கடற்பேனைத் தின்னவென்று ராஸ் எனும் சிறுமீன்களைப் பண்ணைகளில் வைத்திருந்தார்கள். 2012இல் பல இன ராஸ் மீன்கள் குருதிக்கசிவு வைரஸ் நோயால் மாண்டன. துணைக்கு விடும் மீனையும் சோதித்தே விடவேண்டும்.

◆ வைரஸ் தொற்றிய மீனைக் குணப்படுத்த மருந்தில்லை. அன்டிபயோட்டிக் பயன் தராது. சில நோய்களுக்குத் தடுப்பூசி உண்டு. இரிடோவைரஸ் தடுப்பூசியை ஜப்பான் 1999 முதல் பயன்படுத்துகிறது.

◆ பீட்டாநோடாவோ மீன் இரிடோவைரஸோ மனிதருக்குத் தொற்றியதாகப் பதிவில்லை. கொடுவாக் குழம்பைப் பயமின்றிச் சாப்பிடலாம்.

◆ பண்ணையாளர் செய்யவேண்டியவை: வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பீசீஆர் சோதனை செய்த குஞ்சுகளையே வாங்குங்கள். வெவ்வேறு இனங்களை அருகருகே வளர்க்காதீர்கள். பச்சை மீனுக்குப் பதில் உலர் தீவனம் கொடுங்கள். செத்த மீனை அன்றன்றே கரையேற்றிப் புதையுங்கள். ஒரு கூட்டின் வலையை, வாளியைக் கழுவிக் காயவிடாமல் அடுத்த கூட்டில் இறக்காதீர்கள். கடல் எல்லோருக்கும் பொது. ஒருவர் கூட்டில் புகுந்த நோய் அயலவரின் கூட்டுக்கும் போகும். அதனால் குஞ்சு இறக்குமுன் சோதனைச் சான்றிதழைக் கேட்கும் வழக்கத்தை நம் கரையின் முதல் பண்ணையிலிருந்தே தொடங்குவோம்.